இறம்பொடையிற் பிறந்த இன்குரல்

ஒவ்வொருவர்க்கும் ஏதேனும் ஒரு திறனை அளித்தே இறைவன் இவ்வுலகுக்கு அனுப்புகிறான் என்பது சமயங்கள் பலவும் ஒப்புக்கொள்ளும் உண்மையாகும். சைவராகிய நாம் அதனைக் கலைமகளின் கடாட்சம் என்போம். முற்பிறப்பின் பயன் என்றும் சொல்வோம். நம்முடைய கிறித்தவ நண்பர்களோ அதற்கு ஓர் அழகிய சொல்லை வழங்கி வருகின்றனர். 'தாலந்து' என்பதே அச்சொல். நன்றாகப் பாடும் பெண்ணொருத்தியைக் கண்டால், அவளுக்கு நல்ல தாலந்து உண்டு என்று அவர்கள் பாராட்டுவதை மலைநாட்டில் வாழ்வோர் பலரும் கேட்டிருப்பர்.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. பழங்காலத்தில் தாலந்து என்பது ஓர் எடையின் பெயர். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 30 கிலோ நிறையுள்ள வெள்ளியையோ பொன்னையோ அது குறித்தது. இயேசுநாதர் சொன்ன உவமைக் கதையொன்றில், தூரதேசம் செல்லும் தலைவன் ஒருவன் தன் ஊழியர் மூவரிடம் முறையே ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்புவித்துச் செல்கிறான். முதலிருவரும் வணிகஞ் செய்து அவற்றை இருமடங்காக்குகின்றனர். மூன்றாமவனோ அஞ்சி, தன் ஒரு தாலந்தை மண்ணிலே புதைத்து வைக்கிறான். திரும்பிவந்த தலைவன் அவனையே கடிந்துகொள்கிறான். இக்கதையினின்றே, இறைவன் தந்த திறனுக்குத் தாலந்து என்னும் பெயர் நிலைத்தது. பெற்றதைப் பேணி வளர்த்தல் கடன். புதைத்து வைத்தல் குற்றம் என்பதே இதன் கருத்து.

எடையைக் குறித்த இச்சொல்லைச் சிந்திக்கும்பொழுது, நமது மலைநாட்டுப் பெண்களின் நினைவு வாராமற் போகாது. நுவரெலியாவிலும் அட்டனிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களிலே நாள்தோறும் நிறுக்கப்படுவது பெண்களின் உழைப்பேயாகும். காலையிற் பிரட்டுக்குச் சென்று, மலையேறி, பனியிலும் மழையிலும் அவர்கள் பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது, கணக்கேட்டிற் பதிகிறது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ முதல் 20 கிலோ வரை பறித்தாலன்றி முழுப்பெயர் கிடைப்பதில்லை. விரல்களின் திறன் இவ்வாறு கிராம் வரை கணக்கிடப்படுகிறது. ஆயின், அதே பெண்ணின் குரலுக்கும், கற்பனைக்கும், கற்பிக்கும் ஆற்றலுக்கும் எந்தத் தராசு உண்டு? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர்க்கு, இம்மலைகளிற் பிறந்த கிறித்தவப் பெண்மணி ஒருவரின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

ஒரு குரலின் பயணம்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், நீர்வீழ்ச்சியாற் புகழ்பெற்று விளங்குவது இறம்பொடை. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரிலே 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது. டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்பது அக்குழந்தைக்கு இட்ட பெயர். தென்னிந்தியாவிலிருந்து வந்து கொழும்பிலே குடியேறி, காலப்போக்கிற் கிறித்தவ சமயத்தைத் தழுவிய கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்தது அக்குடும்பம். அன்னையார் ஓர் ஆசிரியை. ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் இணைந்து நின்ற அச்சிறுமியே, பின்னாளில் ருக்மணி தேவி என்னும் மேடைப் பெயரோடு இலங்கை முழுவதும் அறிந்த பாடகியாகவும் நடிகையாகவும் விளங்கினார்.

குடும்பம் கொழும்பிலே வாழ்ந்த காலத்தில், பள்ளிச் சிறுமியாக நத்தார்கால நாடகத்தில் நடித்தபோதே அவருடைய ஆற்றல் பிறர் கண்ணிற் பட்டது. 12 வயதளவில் வோல்டர் அபேசிங்க என்பவரின் இராமாயண நாடகத்திற் சீதையாக நடிக்கும் வாய்ப்பு வந்தது. சீதாதேவி சிறையிருந்த இடமென நம்மவர் போற்றும் சீதாஎலியாவுக்கு அணித்தேயுள்ள இறம்பொடையிற் பிறந்த கிறித்தவச் சிறுமி, சிங்கள மேடையிலே சீதையாகத் தோன்றிப் பாடியமை நினைக்குந்தோறும் வியப்பளிப்பதாகும். பெண்கள் மேடையேறி நடிப்பதைக் குடும்பத்துக்கு இழுக்கெனப் பலர் கருதிய காலம் அது. ஒரு சிறுமியை அத்துறைக்கு அனுப்ப, வீட்டாருக்கு எத்துணைத் துணிவு வேண்டியிருந்திருக்கும்!

1930களின் இறுதியில் அவருடைய குரல் இசைத்தட்டில் ஏறியது. எச். டபிள்யூ. ரூபசிங்க அவர்களோடு இணைந்து அவர் பாடிய 'சிறி புத்தகயா விகாரே' என்னும் பாடல் புத்தகயாவின் பெருமையைப் போற்றுவது. கிறித்தவப் பெண்ணொருத்தி பாடிய அந்தப் பௌத்த பக்திப் பாடலைச் சிங்கள இல்லங்கள் தமதென ஏற்றுக்கொண்டன. தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், இராமகாதையின் நாயகியாகி, கண்ணபிரானின் தேவியின் பெயரைத் தாங்கி, புத்தபெருமானின் புகழைப் பாடினார். இறைவன் தந்த திறன் எந்த ஒரு மதிலுக்குள்ளும் அடங்கியிருப்பதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பின்னர் நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன அவர்களின் மினேர்வா நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார். அக்குழுவின் நகைச்சுவை நடிகரும் ஜயமான்னவின் இளவலுமான எடி ஜயமான்ன அவர்களையே மணந்தார். அக்குழுவின் புகழ்பெற்ற நாடகமே 'கடவுணு பொறொந்துவ' என்னும் திரைப்படமாயிற்று. முறிந்த வாக்குறுதி என்பது அதன் பொருள். 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் வெளிவந்த அதுவே முதலாவது சிங்களப் பேசும்படம். அதன் கதாநாயகி ருக்மணி தேவி. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படமாக்கப்பட்ட இடம் மதுரை மாநகரிலே அவருக்கிருந்த சித்திரகலா மூவிடோன் படப்பிடிப்பு நிலையம். நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங்கா என்னும் வங்காளி. இத்தகைய பல கைகள் ஒன்றுகூடித் தாங்கியமையாலேயே, மலைநாட்டிற் பிறந்த ஒரு குரல் நாடெங்கும் ஒலித்தது.

அதன்பின் பல ஆண்டுகள் அம்மையார் திரையுலகில் முன்னணியில் நின்றார். இலங்கையின் இசைக்குயில் என மக்கள் அவரை அழைத்தனர். காலம் மாறியது, திரைப்படச் சுவையும் மாறியது, நாயகி வேடங்கள் புதியவர்களைத் தேடிச் சென்றன. எனினும் அவர் தம் தாலந்தை மூடிவைத்துவிடவில்லை. 1970களில், தம்மினும் வயதிற் பெரிதும் இளைய இசைக்குழுக்களோடு மேடையேறி, புதிய பாணிப் பாடல்களையும் பாடினார். 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் இசைநிகழ்ச்சியொன்றிற் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜாஎலைக்கு அண்மையிலுள்ள துடெல்லவில் நிகழ்ந்த மோட்டார் விபத்தில் உயிர்நீத்தார். வாழ்வின் இறுதி நாள்வரை தமக்கு அளிக்கப்பட்டதைப் பயன்படுத்தியவர் என்று அவரைக் கூறுதல் முற்றும் பொருந்தும்.

அவருக்குக் கிடைத்தவை

இவ்வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள், பிறவிலேயே இனிய குரல் வாய்த்ததால் அவர் புகழ்பெற்றார் என்று முடிவு செய்து அமைதலாகாது. குரல் இறைவன் கொடை, ஐயமில்லை. ஆயின் அக்கொடை வளர்வதற்கு வேறு மூன்று வேண்டியிருந்தன. முதலாவது, கல்வியின் அருமையறிந்த வீடு. இரண்டாவது, சிறுமியை மேடையேற்றிப் பார்த்த பள்ளி. மூன்றாவது, வளர்ந்தபின்னும் அவருடைய திறனுக்கு இடமளித்த நாடகக் குழு. இம்மூன்றும் வரிசையாக வாய்த்தன. இவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும், டெய்சி இராசம்மா என்னும் பெயர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டோடு நின்றிருக்கக்கூடும்.

வடபுலத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டு உடுவிலிலே பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை நிறுவினர். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று ஊரார் வினவிய அந்நாளில், ஒரு சில சிறுமியரோடு தொடங்கியது அது. எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். கற்று வெளிவந்த மாணவியர் ஆசிரியைகளாயினர். தம் மக்களையும் கற்பித்தனர். யாழ்ப்பாணத்துப் பெண்களின் அறிவு 1824இலே புதிதாகப் பிறந்ததன்று. முன்னரே இருந்த அறிவு வெளிப்படுவதற்கு அப்பொழுதுதான் ஒரு வாசல் திறந்தது.

திறவாத வாசல்

அவ்வாசல் தோட்டப்புறத்தில் ஏன் திறக்கவில்லை என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது. தோட்டத் தமிழரிடையே கிறித்தவப் பணி 1854ஆம் ஆண்டளவிலேயே தொடங்கிவிட்டது. சிறு தேவாலயங்கள் எழுந்தன. அவற்றையடுத்துச் சிறு பள்ளிகளும் எழுந்தன. ஆயினும் லயத்துப் பிள்ளையின் கல்வி நெடுங்காலம் தோட்டத்தின் தேவைக்குட்பட்டதாகவே இருந்தது. தோட்டத்துரைமார் 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்தல் வேண்டும் என 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்தது. பத்து வயதோடு படிப்பு முடிந்தது, கொழுந்துக்கூடை தொடங்கியது. பெண்பிள்ளைக்கோ அதற்கு முன்னரே தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு வந்துவிடும். பள்ளி மணி அடிக்கும்போது அவள் இடுப்பிற் குழந்தையோடு லயத்து வாசலில் நிற்பாள்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அத்துன்பம் சட்டப்படி தீர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே மலையில் உழைத்தபோதும், ஆணின் நாட்கூலிக்குச் சமமான கூலியைப் பெண் பெற்றது 1984ஆம் ஆண்டிலேயே. உழைத்துத் திரும்பிய பெண்ணுக்கு விறகும் நீரும் அடுப்பும் காத்திருந்தன. இந்த நாட்கணக்கில், தன்னுள் என்ன திறன் உண்டென்று அறிய அவளுக்கு ஒரு நாழிகையேனும் எஞ்சியிருந்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிறிது விதிவிலக்கு எனலாம். கிறித்தவத் தோட்டப் பெண்ணுக்கு அன்று தேவாலயம் இருந்தது. வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோர் இயற்றிய கீர்த்தனைகளை அவள் அங்கே பாடினாள். எழுத்தறிந்தவளாயின் சபை நடுவே நின்று வேதபாடம் வாசித்தாள். சிறுவர்க்கு ஞாயிறுபள்ளியிற் கதை சொன்னாள். ஆறு நாள் கங்காணியின் குரலை மட்டும் கேட்டவள், ஏழாம் நாளில் தன் குரலைத் தானே கேட்டாள். இது சிறிய பேறன்று. நமது தோட்டக் கோயில்களில் நடைபெறும் பசனைகளும் திருவிழாக்களும் இத்தகைய வாய்ப்பைச் சைவப் பெண்களுக்கு எவ்வளவு தூரம் அளிக்கின்றன என்பதை நாமும் நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் நன்று.

மேடை மலையேறி வந்தபோது

பள்ளியும் பட்டணமும் வாய்க்காத மலைகளிலும், மேடை தேடி வந்தால் குரல் எழும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடியாகிய கோ. நடேசையர் அவர்களின் துணைவியார் மீனாட்சி அம்மையார் ஓர் இந்துப் பெண்மணி. அட்டனை நிலைக்களமாகக் கொண்டு நடேசையர் நடத்திய இயக்கத்தின் கூட்டங்களில், மக்கள் அறிந்த மெட்டுக்களில் தாமே பாடல் கட்டி அவர் பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரில் 1940ஆம் ஆண்டு அவருடைய பாடல்கள் சிறு நூலாக வந்தன. சொற்பொழிவைக் கேட்க வராதவரும் அவர் பாட்டைக் கேட்க வந்து நின்றனர் என்பர். ருக்மணி தேவியின் குரல் மலையிலிருந்து இறங்கிப் பட்டணத்தில் வளர்ந்தது. மீனாட்சி அம்மையாரின் குரலோ மலையேறி வந்து தொழிலாளரிடையே வளர்ந்தது. இருவர் சமயமும் வேறு. பாடிய மொழியும் வேறு. எனினும் தம் திறனைத் தம்மளவில் அடக்கிவைக்காது பிறர்க்கு வழங்கிய வகையில் இருவரும் உடன்பிறந்தாரே.

நம் கடன்

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பெண்கள் உள்ளனர். அதே லயத்துக்குத் திரும்பிவந்து கற்பிக்கும் ஆசிரியைகளும் உள்ளனர். எனினும், கொழும்பின் ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்கு நாட்டின் வீட்டு வேலைக்கோ மகளை அனுப்பும் குடும்பங்களும் அவற்றினூடே வாழ்கின்றன. அப்பெண் மாதந்தோறும் அனுப்பும் பணத்தை வீடு எண்ணுகிறது. அவள் எட்டாம் வகுப்பிற் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றவள் என்பதை வீடும் மறந்துவிடுகிறது. நாளடைவில் அவளும் மறந்துவிடுகிறாள்.

உவமைக் கதையின் மூன்றாம் ஊழியன் தன் தாலந்தைத் தானே மண்ணிற் புதைத்தான். ஆதலின் அவனே குற்றவாளியானான். மலைநாட்டுப் பெண்ணின் கதை அத்தகையதன்று. அவளுடைய தாலந்தின்மேல் மண்ணைக் கொட்டியவர்கள் பலர். சட்டம் ஒரு கூடை கொட்டியது. கூலி ஒரு கூடை கொட்டியது. பெண்ணுக்கு இது போதும் என்ற வழக்கம் நாள்தோறும் ஒரு கூடை கொட்டியது. தலைவன் திரும்பிவந்து கணக்குக் கேட்கும் நாளில், அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்திக் கேட்பானா? பெற்றோரும் ஆசிரியரும், கோயிலாரும் சபையாரும், தோட்டத்தாரும் ஆகிய நம் அனைவரையும் அல்லவா அவன் அழைப்பான்!

கொட்டிய மண்ணை அகற்றுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. மாலையில் வீட்டுவேலையைத் தமையனும் தங்கையும் பகிர்ந்துகொள்ளின், தங்கைக்குப் புத்தகம் எடுக்க ஒரு மணி நேரம் கிடைக்கும். வகுப்பில் மெல்லப் பேசும் மாணவியை ஆசிரியர் ஒருமுறை அழைத்து உரத்து வாசிக்கச் செய்யின், அவள் தன்னைத்தானே அறிந்துகொள்ளும் வழி பிறக்கும். தேவாலயம் பாடகர் குழுவோடு நில்லாது, கணக்கெழுதவும், கூட்டம் நடத்தவும், பிரசங்கிக்கவும் பெண்களைப் பழக்கலாம். நமது கோயில்களும் திருவிழாக் காலத்திற் கோலமிடவும் பொங்கவும் மட்டும் பெண்களை அழையாது, பண்ணிசைக்கவும் சொற்பொழிவாற்றவும் மேடை தரலாம். ஓராண்டில் ஒரு தோட்டத்திலே ஒரு பெண் முன்வந்தாலும் போதும். அவளைப் பார்த்துப் பத்துச் சிறுமியர் வருவர்.

மாணவியர்க்கு ஒரு சொல். உங்களிடமுள்ள திறன் பாட்டாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. நோயாளியின் அருகே பொறுமையோடு அமர முடிவது ஒரு தாலந்து. குழந்தைகள் அடங்கிக் கேட்கும்படி கதை சொல்வது ஒரு தாலந்து. நாலுபேர் சண்டையை நயமாகத் தீர்ப்பதும், கூட்டல் கழித்தலைப் பிழையின்றிச் செய்வதும் தாலந்துகளே. எது உங்களுடையது என்பதை அறிய, முதலில் ஒன்றைச் செய்து பாருங்கள். பின்னர் உங்கள்மீது அன்புள்ள ஒருவரிடம் காட்டுங்கள். எள்ளி நகைப்போர் இருப்பர். சீதை வேடம் புனைந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி காலத்திலும் அவர்கள் இருந்திருப்பர்.

இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காண ஆண்டுதோறும் பல்லாயிரவர் செல்கின்றனர். அங்கு நின்று படம் பிடிக்கும் குடும்பங்கள், இவ்வூரிலேதான் ஓர் இசைக்குயில் பிறந்தது என்று தம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்வார்களாக. சொல்லும்போது, எதிர் மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்களையும் சற்றே காட்டுவார்களாக. அவர்கள் மகளிருள் அடுத்த குரல் எது என்பதைக் கேட்டறியும் செவி இனி நம்முடையதாகட்டும்.